கையெழுத்துப் போடாத பெண்களின் ஆடிட்டர்

செய்தி வந்தபோது நான் செங்கல்பட்டு நீதிமன்ற வராந்தாவில் ஒரு பாகப்பிரிவினை வழக்கின் அழைப்புக்காக நின்றுகொண்டிருந்தேன். செல்போனில் அஞ்சலையின் பெயர் தெரிந்தது. காலை பத்து மணி, அவள் மீன் கூடையோடு கல்பாக்கம் குடியிருப்பில் தெருத் தெருவாகச் சுற்றும் நேரம். அந்த நேரத்தில் அவள் யாரையும் கூப்பிடமாட்டாள். "வக்கீலம்மா, நம்ம பாயம்மா பூட்டாங்க" என்றாள். எந்தப் பாயம்மா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு பாயம்மாதான். ஜைனம்பு அக்கா. அவர் வீடு என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி. ஆனாலும் சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் அஞ்சலைக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. அக்காவின் கணவர், அக்காவிடம் கணக்குப் பார்க்க வந்தவர்களுக்கு முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் எங்களைப் போன்ற சிநேகிதர்களுக்குச் சொல்லத் தொடங்கினார். அக்கா உயிரோடு இருந்திருந்தால் அந்த வரிசையில்தான் சொல்லச் சொல்லியிருப்பார்.

அன்று முழுக்க அழுதேன். மறுநாள் கோபம் வந்தது. பழைய பஸ் ஸ்டாண்டு சுவரில் வியாபாரிகள் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில், 'ஏழை எளியோருக்கு இலவசமாகத் தொண்டாற்றிய தாயுள்ளமே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் ஜைனம்பு அக்கா யாருக்கும் இலவசமாக ஒரு தாளைக்கூட நிரப்பிக் கொடுத்தது கிடையாது. தாயுள்ளம் என்று யாராவது நேரில் சொல்லியிருந்தால், "எனக்கு ரெண்டு புள்ளைங்க போதும்" என்றிருப்பார். அவரை அறிந்தவர்களுக்கு இது தெரியும். இறந்தவரைத் தடவிக் கொடுத்துச் சாதுவாக்கி அனுப்பும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இவர் விஷயத்தில் அதை நான் விடப்போவதில்லை. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் அவர் அலுவலகம். பலகையில் எஸ். ஜைனம்பு, பி.காம்., வருமான வரி ஆலோசகர் என்று இருக்கும். சட்டப்படி அவர் ஆடிட்டர் இல்லை. அதைப் பத்து முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஊர் முழுக்க ஆடிட்டரம்மாதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பலகை ஏறியபோது, மார்க்கெட்டில் இரண்டு பெரியவர்கள் அவர் கணவரிடம் போய், பலகையில் உங்கள் பெயரைப் போட்டால் மரியாதையாக இருக்குமே என்றார்களாம். கணவருக்கு இரும்புக் கடை. பயந்த சுபாவம். வீட்டில் வந்து மெதுவாகச் சொல்லியிருக்கிறார். "கணக்கு தப்பாப் போனா திட்டு எனக்குத்தானே வரும், பேர் மட்டும் எதுக்கு உங்களுக்கு?" என்று அக்கா கேட்டதும் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. அந்த வருடம் கணவர் கடைக் கணக்கில் எழுதியிருந்த ஸ்கூட்டர் பெட்ரோலில் பாதியை அக்கா அடித்து நீக்கிவிட்டார். மாமியார் வீட்டுக்குப் போய் வந்தது வியாபாரச் செலவில் சேராதாம்.

மாமல்லபுரம் சிற்பக் கூடக்காரர்கள், திருப்போரூர் மனை வியாபாரிகள், செங்கல்பட்டு நகைக்கடைக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். ஆனால் ஜூலை மாதம் மட்டும் அந்த மாடிப்படி கல்பாக்கத்துக்காரர்களுக்கு. அணுமின் நிலையம் கொடுத்த சம்பளச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு எஞ்சினியர்கள் வரிசையில் நிற்பார்கள். "அணுவுக்குள்ள இன்னா கீதுன்னு தெரியுது, இந்தப் பாரத்துல எந்தக் கட்டத்துல அப்பா பேர் எழுதணும்னு தெரியலியா?" என்று அவர்களை அக்கா வாருவார். கடைசி நாளைத் தவறவிட்டவனுக்கு அவரிடம் மன்னிப்பே கிடையாது. ஒரு முறை ஒருவர் தன் கல்யாணத்தைக் காரணம் சொன்னார். "நிக்காவுக்குத் தேதி பாத்தீங்களே, அப்படியே காலண்டர்ல இதையும் பாத்திருக்கலாமே" என்றார். மணமகன் சீனிவாசன். நிக்கா என்று சொன்னதற்கு அவரும் சிரித்துவிட்டார்.

அப்படி ஒரு ஜூலையில்தான் அஞ்சலை அந்த மாடிப்படி ஏறினாள். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் சதுரங்கப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உள்ள குப்பங்களில் ஒரு ஏஜெண்ட் சுற்றினான். வெளியூர்க்காரன் இல்லை. அஞ்சலைக்கு அண்ணன் முறை. மேற்குக் கடற்கரையில் இறால் உரிக்கும் கம்பெனி, தங்க இடம், சாப்பாடு, ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லி, வீட்டில் கொஞ்சம் முன்பணமும் கொடுத்து அஞ்சலையையும் இன்னும் சில பெண்களையும் ரயிலேற்றினான். போன பிறகுதான் தெரிந்தது, கம்பெனிக் கதவுக்குப் பூட்டு வெளிப்பக்கம். ஐஸ் தண்ணீரில் கை வைத்து வைத்து நகம் கழன்றது. சோற்றுக்கும் படுக்கைக்கும் கணக்கு எழுதி முன்பணம் தீரவே தீராது என்றார்கள். எழுதிய கடிதம் ஊருக்கு வரவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு, அவர்களில் ஒருத்தியான, காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்ட தேவகி அங்கிருந்த ஒரு தமிழ் நர்ஸிடம் அழுததால்தான் அந்தக் கதவு திறந்தது.

ஏஜெண்ட் மீதும் கம்பெனி மேலாளர் மீதும் ஒரு குற்ற வழக்கு. கம்பெனியிடம் நட்ட ஈடு கேட்டு நான் நடத்தியது ஒரு சிவில் வழக்கு. சில வருடங்கள் இழுத்து, சிவில் வழக்கில் ஜெயித்தோம். அடைத்து வைத்து வேலை வாங்கியதற்காக ஒவ்வொரு பெண்ணுக்கும் கம்பெனி நட்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். தொகையில் வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கோர்ட்டில் கட்டிய கம்பெனி, ஆளுக்கொரு கவரும் அனுப்பியது. கவருக்குள் வருமான வரிக்கான சம்பளச் சான்றிதழ், கூடவே ஒரு ரசீது. 'எனது பணிக்காலச் சம்பள பாக்கி முழுவதையும் பெற்றுக்கொண்டேன்' என்று அதில் கையெழுத்துப் போட்டால் கோர்ட்டில் கட்டிய பணத்தை எடுக்கத் தடை சொல்லமாட்டார்களாம். இது வரி விஷயம், எனக்குப் புரியவில்லை என்று அஞ்சலையையும் தேவகியையும் அக்காவிடம் அனுப்பினேன்.

மேஜை மேல் ஏற்கெனவே அந்தச் சான்றிதழ்கள் ஒரு கட்டு இருந்தன, கல்பாக்கம் எஞ்சினியர்களுடையவை. அதே அச்சு, அதே கட்டங்கள். பணியாளர் பெயர்: அஞ்சலை. பதவி: தொழிலாளி. பணியில் சேர்ந்த நாள், பணி முடிந்த நாள். அக்கா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் நாளைக்கு வாங்க" என்றார். ஜூலை மாதத்தில் அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். அதன் பிறகு இருவரிடமும் தலைக்குப் பத்து ரூபாய் கட்டணம் வாங்கி ரசீது போட்டார். நான் பின்னால் இதைக் கேள்விப்பட்டுச் சண்டைக்குப் போனேன். "காசு குடுத்தவ கேள்வி கேப்பா. சும்மா வாங்கினவ தலையாட்டுவா. இவங்க தலையாட்டினது போதும்" என்றார். சுவரொட்டிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டணம் அந்தப் பத்து ரூபாய்.

வழக்கறிஞர் சங்கத்தில் மூத்தவர்கள் எல்லாரும் ஒரே வழியைத்தான் சொன்னார்கள். இந்தப் பெண்களுக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் ஏது? சம்பள பாக்கி என்றே காட்டி, பழைய வருடங்களுக்குப் பிரித்துப் போட்டால் பிடித்த வரி முழுவதும் திரும்பி வரும். ஒரு படிவம், ஒரு கையெழுத்து. அக்காவுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. அவர் இரண்டு நாள் டைம் கேட்டார். மூன்றாம் நாள் என் அறைக்கு வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வந்ததும் பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"பிடிச்ச வரி கவர்மெண்டுக்குப் போவுது. கம்பெனிக்கு அதுல ஒரு பைசா கிடையாது. அப்புறம் ஏன் இவ்ளோ அக்கறையா டைப் அடிச்சு அனுப்புறான்? யோசிச்சீங்களா?"

நான் யோசிக்கவில்லை என்றேன்.

"சம்பளம்னா அது அவன் கணக்குல செலவு. செலவு ஏறினா லாபம் குறையும், லாபம் குறைஞ்சா அவன் கட்டுற வரி குறையும். குத்தம் பண்ணதுக்குக் கட்டுற காச செலவுல எழுத முடியாது. பொம்பளைங்கள அடைச்சு வெச்சதுக்கு அவனுக்கு வரிச்சலுகை வேணுமாம், வக்கீலம்மா. அதுக்கு அஞ்சலை கையெழுத்து வேணுமாம்."

அதோடு முடியவில்லை. குற்ற வழக்கில் ஏஜெண்டின் வக்கீல் ஏற்கெனவே, இவர்கள் சம்பளத்துக்குப் போன தொழிலாளிகள், யாரும் யாரையும் கடத்தவில்லை என்று வாதாடிக்கொண்டிருந்தார். அஞ்சலையே கையெழுத்திட்ட ரசீது கிடைத்தால் அவருக்குப் பொங்கல்தான். ஒரே தாளில் கம்பெனிக்கு வரி குறையும், ஏஜெண்டுக்கு விடுதலையும் கிடைக்கும். நியாயத்துக்கு, நட்ட ஈடு என்பது வருமானமே இல்லை, இழந்ததற்கு ஈடு. அதற்கு வரிச்சலுகை என்றால் அது இந்தப் பெண்களுக்கு முழுசாகக் கிடைக்க வேண்டியது. அடைத்து வைத்தவன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான்.

வரி பிடித்தது தவறு, முழுத் தொகையையும் நட்ட ஈடாகவே கட்ட வேண்டும் என்று மனுப் போட்டேன். வழக்குக்குப் பாதகமில்லாமல் கட்டிய தொகையையாவது எடுக்க விடுங்கள் என்று இன்னொரு மனு. அதற்குக் கம்பெனியின் ஆட்சேபம், அதற்கு என் பதில், நடுவில் வாய்தா, கோடை விடுமுறை. இதற்குள் இன்னொரு முள் இருந்தது. பிடித்த வரியைத் திருப்பிக் கேட்பதற்கும் ஒரு கடைசி நாள் உண்டு. அதற்குள் சம்பளம் என்று ஒப்புக்கொண்டு ரிட்டர்ன் போடாவிட்டால், பின்னால் எங்கள் மனு தோற்றால் அந்தப் பணம் போனது போனதுதான்.

அந்தக் கடைசி நாள் மாடியில் பெண்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். கீழே அண்டா திறந்த வாசனை மேலே வந்துகொண்டிருந்தது. அக்கா ஒவ்வொருத்திக்கும் ரிட்டர்னை நிரப்பி, கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வைத்து மேஜை மேல் பரப்பியிருந்தார். போட்டால் என்ன கிடைக்கும், போடாவிட்டால் எது போகும் என்று சொன்னார். என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்லவே இல்லை. தேவகிக்குக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். அவள் புருஷன் வாங்கியிருந்த கடன் வாசலுக்கு வந்துவிட்டது. அவள் அதை ஒளிக்காமல் சொன்னாள். வேறு இரண்டு பேரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அதன் பிறகுதான் அஞ்சலை பேசினாள்.

"நான் ரயிலேறும்போது எம்பொண்ணுக்கு மூணு வயசு. திரும்பி வந்தா என்ன ஆருன்னு கேக்குது. இப்ப பெருசாயிடுச்சி. ஏம்மா என்ன வுட்டுட்டு வேலைக்குப் போனன்னு கேக்குது. வேலைக்குப் போவலடி, மாட்டிக்கினேன்னு சொல்லிக்கினு கீறேன். இப்ப சம்பளம் வாங்கினேன்னு கையெழுத்துப் போட்டா, நான் அதுகிட்ட சொன்னது இன்னாவாவும்?"

தேவகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி வுடுக்கா" என்றாள். ஒரு கையெழுத்தும் விழவில்லை. வரி அலுவலகம் மூடும் நேரம் வந்தது, போனது. கடைசி நாளைத் தவறவிட்டவர்களை வருடா வருடம் வறுத்தெடுத்த ஜைனம்பு அக்கா, தன் தொழிலில் ஒரே ஒரு முறை, தெரிந்தே, கடைசி நாளைத் தவறவிட்டார். நிரப்பிய தாள்களை அவரே அடுக்கிக் கட்டினார். மனு தோற்றால் அந்தப் பழி தன் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். எல்லாருக்கும் கீழேயிருந்து பிரியாணி வரவழைத்தார். அந்தச் செலவை அலுவலகக் கணக்கில் எழுதக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதற்கடுத்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. சதுரங்கப்பட்டினத்தில் அஞ்சலையின் வீடு இருந்த இடத்தில் மணல் மட்டும் இருந்தது. மகள் பிழைத்தாள், புருஷன் பிழைத்தான், வலையும் கட்டுமரமும் போயின. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். அங்கே நிவாரணப் பொட்டலங்களோடு வந்த வண்டிகளுக்கு நடுவில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கம்பெனியின் சென்னை வக்கீல். பழைய ரசீதுகளைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இன்றைக்குக் கையெழுத்து, நாளைக்குப் பணம், இந்த நேரத்தில் பிடிவாதம் வேண்டாமே என்று தன்மையாகப் பேசியிருக்கிறார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். தன் வேலையைச் செய்தார். எந்த நாளில் அதைச் செய்தார் என்பதைத்தான் நான் மறக்கமாட்டேன்.

யாரோ ஒருவரின் போனிலிருந்து அஞ்சலை கூப்பிட்டாள். அக்காவும் நானும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போன பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தேவகி கையெழுத்துப் போட்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா நேராக அவளிடம் போய்த் தலையைத் தடவி, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகுதான் அஞ்சலையிடம் வந்தார்.

"போடுறதுன்னா போடு, அஞ்சல. உன் மேல எனக்கு எந்த வருத்தமும் வராது. புள்ளைக்குச் சோறு வேணும். இன்னா எழுதியிருக்குன்னு மட்டும் படிச்சுக் காட்டுறேன், கேட்டுட்டுப் போடு."

படித்துக் காட்டினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி நிறுத்தி. பக்கத்தில் நின்ற வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலையின் மகள் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அஞ்சலை பேனாவை வாங்கினாள். அப்போது அவள் கையெழுத்துப் போட்டிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் அவளைக் குறை சொல்ல யோக்கியதை கிடையாது. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவைத் தாளின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து வக்கீலிடமே நீட்டினாள்.

"எல்லாத்தையும் கடல் எடுத்துக்கினு பூட்ச்சி சார். இத்த மட்டும் நானே எடுத்துக் குடுக்கணுமா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அழுதார். நான் பார்த்த வரையில் அவர் அழுதது அந்த ஒரு தடவைதான். அழுதுகொண்டே, தேவகியின் கையெழுத்தை எப்படி ரத்து செய்யலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு வந்தார்.

மனு கடைசியாக விசாரணைக்கு வந்தபோது, அக்கா எனக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எழுதிக் கொடுத்தார். இந்தத் தொகையை உங்கள் கம்பெனி தன் வரிக் கணக்கில் எந்தத் தலைப்பில் காட்டியிருக்கிறது, அதைத் தாக்கல் செய்யத் தயாரா? நான் கேட்டேன். வாதாடத் தெரிந்த அந்தக் கம்பெனி வக்கீல் வாய்தா கேட்டார். அடுத்த வாய்தாவுக்கு வேறு முகத்தோடு வந்தார். பிடித்த வரியையும் சேர்த்து முழுத் தொகையையும் கொடுத்துவிடுகிறோம், சம்பளம் என்ற சொல்லும் வேண்டாம், மனிதாபிமானத்தில் கொடுக்கும் கருணைத் தொகை என்று இரு தரப்பும் எழுதிக்கொள்ளலாம் என்றார். பணம் முழுதாக வருகிறது. எனக்கு அது பெரிய வெற்றியாகவே பட்டது. பின் வரிசையில் இருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து என் காதில், "யாருக்கு யார் கருணை? தீர்ப்புல இருக்கிற வார்த்தைய எழுதச் சொல்லுங்க" என்றார். வெளியே பெண்களிடம் கேட்டோம். அவர்களுக்கும் கருணை வேண்டாம். இந்த முறை முதலில் வேண்டாம் என்றது தேவகி.

அடைத்து வைத்ததற்கான நட்ட ஈடு, இது சம்பளமோ வருமானமோ ஆகாது, இதில் வரி பிடிக்கக் கூடாது, பிடித்ததைக் கம்பெனி தன் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கடல் புகுந்த நாட்களில் வாங்கிய கையெழுத்து செல்லாது என்று தேவகிக்கும் சேர்த்து. குற்ற வழக்கில் சம்பளச் சான்றிதழை ஆட்டிக்கொண்டிருந்த வக்கீலுக்கு ஆட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. ஏஜெண்டுக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் ஜாமீனில் இன்றும் வெளியேதான் சுற்றுகிறான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மற்றவர்கள் அதோடு விட்டிருப்பார்கள். அக்கா உத்தரவின் நகலை எடுத்து, அந்தக் கம்பெனி வரி கட்டும் ஊரின் வரி அலுவலகத்துக்கு ஒரு விளக்கக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பினார். இதைச் செலவாகக் காட்டினால் ஏற்கக் கூடாது என்று சொல்ல. அங்கே என்ன செய்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "நான் தினம் அம்பது வியாபாரிக்கு நியாயமா வரி கட்டச் சொல்றேன். இவன் மட்டும் தப்பிச்சான்னா அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்றார்.

பணம் வந்த அன்று அஞ்சலை ஒரு பெரிய வஞ்சிரத்தோடு வந்தாள். மீனுக்குக் காசு வாங்கிக்கொள்ளாவிட்டால் எடுத்துக்கொண்டு போ என்றார் அக்கா. மாடிப்படியில் இருவரும் போட்ட சண்டையைக் கீழே பிரியாணிக் கடைக்காரர் கூட வெளியே வந்து பார்த்தார். யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மீன் வெட்டியாகிவிட்டது, எனக்கும் ஒரு பங்கு வந்தது.

கடைசி ஒன்றரை வருடம் சிறுநீரகம் அவரைப் படுத்தியது. டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருப்பார். தலைமாட்டில் ஏதாவது ஒரு கடைக்காரரின் கணக்கு இருக்கும். உடம்பைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஆள் கடத்தலிலிருந்து மீண்டவர்களுக்குக் கிடைக்கும் நட்ட ஈட்டுக்கு வரி இல்லை என்று சட்டத்தில் வெளிப்படையாக ஒரு விதி இன்னும் எழுதவில்லையே என்பதுதான் அவருடைய ஓயாத புலம்பல். ஒவ்வொருத்தியும் முதலிலிருந்து சண்டை போட வேண்டியிருக்கிறது என்பார். எழுத வேண்டியவர்கள் எழுதும் வரை? என்று ஒரு நாள் கேட்டேன். "அது வரைக்கும் சண்டை போடுறது. வேற இன்னா?" என்றார். என் நினைவில் அவர் சொன்ன கடைசித் தெளிவான பேச்சு அதுதான்.

அவரைச் சாந்தமான ஆத்மா என்று யாரும் எழுத வேண்டாம். அவர் சாந்தமாக இருந்திருந்தால் அஞ்சலை இன்று தன் மகளிடம் பொய் சொன்னவளாக இருந்திருப்பாள். அந்த மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். அக்கா இறந்த அன்று அவர் வீட்டில் அஞ்சலையின் பக்கத்தில் உட்கார்ந்து அவளைவிட அதிகமாக அழுதது அவள்தான்.

அவரிடமிருந்து நான் எனக்காக வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. கையெழுத்துக் கேட்டு யார் எந்தத் தாளை நீட்டினாலும், இப்படி எழுதுவதில் லாபம் யாருக்கு என்று கேட்காமல் என் கட்சிக்காரர் கையில் பேனாவைக் கொடுப்பதில்லை. சென்ற வாரம் அச்சரப்பாக்கம் பக்கத்தில் ஒரு செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட பெண்களுக்காகச் சமரசம் பேசப் போயிருந்தேன். முதலாளியின் வக்கீல் நீட்டிய தாளில் மறுபடியும் கருணைத் தொகை. கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "இன்னும் அந்தப் பாயம்மா மாதிரியேதான் பேசினு கீறீங்களா மேடம், அவங்கதான் போய்ச் சேந்துட்டாங்களே" என்றார்.

ஆமாம் என்று சொல்லித் தாளை அவர் பக்கமே தள்ளினேன். நட்ட ஈடு என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு வரும் வரை நானும் அந்தப் பெண்களும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.